நாலாவது கோல்

என் மகள் சுபாஸ்ரீ மூன்று கோல் போட்ட அன்று சுருளிப்பட்டியில் வெடி வெடித்தார்கள். அவள் போடாமல் விட்ட நாலாவது கோலைப் பற்றி அன்றைக்கு ஊரில் ஒருவரும் கவலைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மாட்டேன் என்றது.

சுபாவுக்குப் பதினாறு வயது. இந்தியாவின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் முன்வரிசையில் ஆடுகிறாள். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றுக்காக, பேசினால் வாயிலிருந்து புகை வரும் ஒரு குளிர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் பிரிவில் நான்கு அணிகள். மற்ற மூன்று நாடுகளின் பெயரும் என் வாயில் நுழையவில்லை. சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்துக்கொண்டேன். சிவப்பு பெரிய கை. பச்சை நடுத்தரம். மஞ்சள் பாவம், அந்த நாட்டில் பெண்கள் அணி ஆரம்பித்தே கொஞ்ச காலம்தானாம்.

முதல் ஆட்டமே மஞ்சளோடு. இடைவேளைக்குள் மூன்று கோல், மூன்றும் சுபா போட்டது. இரண்டாம் பாதியில் அவள் மறுபடியும் தனியாகப் பந்தோடு போனாள். நெற்றியில் வெள்ளைப் பட்டை கட்டியிருந்த கோல்கீப்பர் பெண் தடுக்க ஓடி வந்து வழுக்கி விழுந்துவிட்டாள். எதிரே வெறும் வலை. தொட்டால் போதும். என் மகள் பந்தின் மேல் காலை வைத்து நிறுத்தினாள், திரும்பினாள், பின்னால் நின்ற தோழிக்குத் தட்டிவிட்டாள். அதோடு விடாமல் கை கொடுத்து அந்தக் கோல்கீப்பரைத் தூக்கியும் விட்டாள். ஆட்டம் அந்த மூன்று கோலோடு முடிந்தது.

டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியன் தொடையைத் தட்டினார். "அப்படிப் போடு! நம்ம ஊருப் புள்ள!" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கு நடக்கும் பந்தாட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று கோல் முன்னால் போய்விட்டால் நாலாவது போடக் கூடாது. பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டும். எதிரே நிற்பவன் வேற்றாள் இல்லை. பெண் கொடுத்த ஊர், அல்லது நாளைக்குப் பெண் எடுக்கப் போகிற ஊர். எந்தக் காலத்திலோ ஒன்பது கோல் வாங்கிய ஊர்க்காரர்கள் அந்தத் தையில் நடக்க இருந்த கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்களாம். அன்றிலிருந்து 'மூணோட நிறுத்து' என்பது பந்தை உதைக்கத் தெரிந்த எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். நாலாவது போடுகிறவனை அவன் ஊர்க்காரர்களே திட்டுவார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனதே அப்படித்தான். நான் பிறந்தது மார்க்கையன்கோட்டை. எங்கள் ஊருக்குக் கோல்கீப்பர் என் தம்பி சுரேஷ்கண்ணன். சுருளிப்பட்டிக்காரர்கள் மூன்று போட்டுவிட்டார்கள், தம்பி அழுதுகொண்டே நிற்கிறான். அந்த நேரம் பார்த்து இவர் பந்தோடு தனியாக வந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி பந்தைப் பார்க்கவே இல்லை. இவர் பந்தைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு, "ஏலே, மூக்கைச் சிந்திட்டு வா, நிக்கிறேன்" என்றாராம். வெளியே நின்று பார்த்த என் அப்பா வீட்டுக்கு வந்து, "நாலாவது போடாத பய. நம்ம புள்ளையைக் கண்கலங்க விட மாட்டான்" என்று கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டார். அந்த ஒரு கோலைப் போட்டுத் தொலைத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று சண்டை வரும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவேன். இவர் சிரித்துக்கொள்வார்.

திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்த வெற்றிடத்தில் சுபாவுக்குப் பந்து சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். பந்தோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஆட்டம் முடிந்து சுபா போனில் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"கோச்சு ரொம்பத் திட்டிட்டாகம்மா. ஏன் அடிக்கலன்னு கேட்டாக. எங்க ஊருல மூணோட நிறுத்துவோம்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாக?"

"இது உங்க ஊரு இல்ல, ஒவ்வொரு கோலும் ஒரு நாளைக்குக் கழுத்தைப் பிடிக்கும்னாக. அடுத்த மேட்ச்சுக்கு வெளிய உக்காரச் சொல்லிட்டாகம்மா."

கோபத்தில் சொல்லியிருப்பார்கள், சரியாகிவிடும் என்றேன். அதற்குள் யாரோ அந்தக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்துப் போனில் பரப்பியிருந்தார்கள். கீழே பூவும் கும்பிடும் கையுமாக ஒரே பாராட்டு. 'தங்க மனசு' என்று எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பவுனு அதைக் கொண்டுவந்து என்னிடமே காட்டி, "ஒம் மகளை ஊரே கொண்டாடுது, நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்றாள்.

அடுத்த ஆட்டம் பச்சையோடு. அவர்களுடைய கோல்கீப்பர் ஏதோ தள்ளுமுள்ளில் ஆரம்பத்திலேயே வெளியேற்றப்பட்டாள். நம் பிள்ளைகள் நான்கு கோல் போட்டார்கள். சுபா மைதானத்து ஓரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தாள். கேமரா ஒரே ஒரு தடவை அவள் பக்கம் திரும்பியது. கை தட்டினாலும் என் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிவப்போடு ஆடி ஒரு கோலில் தோற்றோம். கடைசி நேரத்தில்கூட சுபாவை இறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்ததே தவிர பெரிய கவலை இல்லை. சிவப்பு முதலிடம், நேராகப் போய்விட்டது. நாம் இரண்டாமிடம். ஒவ்வொரு பிரிவிலும் இரண்டாவதாக வந்தவர்களில் நன்றாக ஆடியவர்களுக்கும் இடம் உண்டு என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். இரண்டு வெற்றி. ஏழு கோல் போட்டு ஒன்றே ஒன்று வாங்கியிருக்கிறோம். இதற்கு மேல் என்ன வேண்டும்? தோட்டத்தில் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் செருப்பை மாட்டினார்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. செல்வின் சார் இறங்கினார். தேனியில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். சுபாவை முதன்முதலில் மாவட்ட அணிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். எப்போது வந்தாலும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு வாய் திறக்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடையைப் பூட்டிட்டு வந்துட்டேன்ணே. தனியா உக்காந்து பாக்க முடியல."

"எதைப் பாக்க? அதான் ஆட்டம் முடிஞ்சுருச்சே" என்றார் இவர்.

"நம்ம ஆட்டம்தான் முடிஞ்சுருச்சு. சாயங்காலம் மஞ்சளும் பச்சையும் ஆடுறாக. நம்ம தலையெழுத்து அதுலதான் இருக்கு."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"மத்த பிரிவுகள்ல சிலதுல மூணு டீம்தான். அவுக ரெண்டு ஆட்டம் ஆடியிருக்காக. நாம மூணு ஆடியிருக்கோம். மூணையும் ரெண்டையும் எப்படி ஒப்பிடுறது? அதனால நாலு டீம் இருக்கற பிரிவுல, கடைசியா வர்ற டீமோட ஆடுன ஆட்டத்தைக் கணக்குலருந்து அடிச்சுருவாக. அந்தப் பாயிண்டும் இல்ல, கோலும் இல்ல. ஆடாத மாதிரிதான்."

"போட்ட கோலை இல்லைன்னு சொல்லுவாகளா?" என்றேன்.

"ஆமாக்கா. இந்த விதி எல்லாருக்கும் பொதுதான். இப்ப ஒரே ஒரு இடந்தான் பாக்கி. அதுக்கு நாமளும், வேற பிரிவுல ரெண்டாவது வந்த நீலச் சட்டைக்காரவுகளும் நிக்கிறோம். மஞ்சளும் பச்சையும் இதுவரைக்கும் எல்லாத்துலயும் தோத்துட்டாக. இன்னைக்கு அவுகள்ல யாரு கடைசின்னு தெரிஞ்சுரும்."

"மஞ்ச கடைசின்னா?"

"மஞ்சளுக்குப் போட்ட மூணு போயிரும். பச்சைக்குப் போட்ட நாலு நிக்கும். நாம நீலத்தைத் தாண்டிருவோம். போயிரலாம்."

"பச்சை கடைசின்னா?"

செல்வின் சார் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த நாலும் போயிரும். மஞ்சளுக்குப் போட்ட மூணு மட்டும் நிக்கும். சிவப்புகிட்ட வாங்குன ஒண்ணைக் கழிச்சா நமக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் சமம். அப்பறம் யாரு கூடப் போட்டதுன்னு பாப்பாக. அவுக நாலு போட்டிருக்காக. நாம மூணு."

 கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"இன்னும் ஒண்ணு போட்டிருந்தா?"

"போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்லக்கா. யாரு கடைசியா வந்தாலும் நாம போயிருப்போம்."

இவர் ஒரு கால் செருப்போடு சுவரில் சாய்ந்து நின்றார்.  அந்த அணியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வருடக்கணக்காக வீட்டை விட்டு முகாமில் கிடந்தவர்கள். ஒரே ஒரு கோலில் வாய்ப்பு போனால், யார் போடாத கோல் என்று தேட வேண்டியதே இல்லை. அதுதான் படமாக எல்லார் போனிலும் கிடக்கிறதே. இனி எந்த அணிக்கு என் மகளைக் கூப்பிடுவார்கள்? கூப்பிடாவிட்டால்கூடப் போகிறது, பதினாறு வயதில் இதைச் சுமந்துகொண்டு அவள் எப்படி நிமிர்ந்து நடப்பாள்?

"மூணோட நிறுத்து, மூணோட நிறுத்துன்னு அவளுக்குச் சோத்தோட சேத்து ஊட்டுனீகளே, இப்பச் சந்தோசமா?" என்றேன்.

"கடைசில வர்றவனை எண்ண மாட்டாகன்னு நான் என்னத்தடி கண்டேன்?"

"தெரிஞ்சிருந்தா மட்டும் போடச் சொல்லியிருப்பீகளாக்கும்!"

இவர் மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி விட்டார். போடச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டு மார்க்கையன்கோட்டையிலிருந்து என் தம்பி சுரேஷ்கண்ணன் பைக்கில் வந்துவிட்டான். வந்தவன் கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாமல் எதையோ படிப்பதும் திரையை அணைப்பதுமாக இருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். அதே படம்தான். நாலு நாளைக்கு முன்னால் பூ வைத்தவர்கள் இப்போது தியாகி, வள்ளல் என்று கேலி எழுதியிருந்தார்கள். ஒருவன், விலை போய்விட்டாள் என்றே எழுதியிருந்தான். என் மகளை! போனை அவன் மடியிலேயே எறிந்தேன்.

சுபாவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி மட்டும் வந்தது. 'எல்லாரும் கேலரியில உக்காந்து பாக்குறோம்மா. யாரும் எங்கூடப் பேசல.'

அதைப் படித்த பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சாமி அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். வீரபாண்டி அம்மனிடம் என்ன கேட்பது? மஞ்சள் தோற்க வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை. ஒன்றுமில்லாத அணி, முதல் தடவையாக வெளியூருக்கு வந்திருக்கிற பிள்ளைகள். கூடத்துக்கு வந்து செல்வின் சாரிடம், "ரெண்டு பேரும் சமமா முடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"மஞ்சதான் கடைசி. சிவப்புகிட்ட அது ஏகத்துக்கு வாங்கியிருக்கு. மஞ்ச ஜெயிக்கக் கூடாது. நமக்கு அம்புட்டுத்தான் வேணும்."

எனக்கு உயிர் வந்தது. திரும்பிப் போய், "தாயே, யாரும் ஜெயிக்க வேணாம், யாரும் தோக்கவும் வேணாம், சமமா முடிச்சுக் குடு. தீச்சட்டி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அம்மனையே ஏமாற்றுகிற வேண்டுதல்தான். என் மனசாட்சிக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. அதே வெள்ளைப் பட்டைக்காரிதான் மஞ்சளுக்குக் கோல்கீப்பர். பச்சை ஆரம்பத்திலிருந்தே மேலே விழுந்து விழுந்து ஆடியது. எல்லாப் பந்தையும் அவள் பிடித்தாள், தள்ளினாள், காலால் உதைத்தாள், ஒன்றை முகத்தாலேயே தடுத்தாள்.

"என்னா பாய்ச்சல் பாயுறா!" என்றான் என் தம்பி.

முறைத்தேன். "நீ யாரு பக்கம்டா?"

"நான் கோல்கீப்பர் பக்கம்க்கா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சளுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கூட்டத்துக்குள் யார் தலையில் பட்டதோ, பந்து வலைக்குள் கிடந்தது. மஞ்சள் முன்னால் போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுந்து அழுதார்கள். அவர்களுடைய நாடு இந்தப் போட்டியில் போட்ட முதல் கோலாம். செல்வின் சார் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார்.

இவர் எழுந்தார். "லோடு ஏத்த கம்பம் டவுன்லருந்து வண்டி வந்திருக்கும். பாத்துட்டு வர்றேன்."

"ஒண்ணும் போக வேணாம். உக்காருங்க."

"என்னால முடியல மாரி."

என் பெயர் மாரீஸ்வரி. இவர் மாரி என்று கூப்பிடுவது உடம்பு முடியாதபோது மட்டும்தான். போகட்டும் என்று விட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோட்டத்துக்குப் போகவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மேகமலைப் பக்கம் பார்த்தபடி நின்றார். உள்ளே சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாதி முழுக்கப் பச்சைதான் ஆடியது. ஆடி என்ன பயன்? அந்தப் பெண் விடவில்லை.  ஒரு கட்டத்தில் நானே, "கையை எடுடி!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். என் மகள் கை கொடுத்துத் தூக்கிவிட்ட பெண். அவள் விழ வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு தடவை கத்தினேன்.

நேரம் முடியப் போகிறது. செல்வின் சார் எதையோ முணுமுணுத்தார், ஜெபமாக இருக்கும். அங்கே தூறல் ஆரம்பித்திருந்தது. பச்சைக்காரி ஒருத்தி எங்கிருந்தோ உயரமாக ஒரு பந்தை அடித்தாள். அதில் ஒன்றுமே இல்லை. நேராக அந்தக் கோல்கீப்பரின் கைக்குத்தான் வந்தது. பிடித்தாள். ஈரப் பந்து கையுறையிலிருந்து நழுவி, மார்பில் பட்டு, காலுக்கிடையில் உருண்டு கோட்டைத் தாண்டியது.

நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்திருக்கும். குதித்தேன். செல்வின் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இவர் வாசலிலிருந்து ஓடி வந்து, "என்ன? என்ன?" என்றார். "சமம்! சமம்!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

கேமரா அந்தப் பெண்ணின் முகத்துக்குப் போனது. முட்டி போட்டு உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தியும் அவள் பக்கத்தில் வரவில்லை. இவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். திரும்பினால் என் தம்பி மட்டும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மிச்ச நேரம் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மஞ்சள் ஒரு தடவை கோல் கம்பத்தில் அடித்தது. அந்தச் சத்தம் என் நெஞ்சில் கேட்டது. இவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. கடைசியில் விசில் ஊதினார்கள்.

"போயாச்சு! ஆசியக் கோப்பைக்குப் போயாச்சு!" என்று செல்வின் சார் இவரைக் கட்டிக்கொண்டு அழுதார். வாசலில் பவுனு தலை தெரிந்தது. யாரோ வெடி வாங்க ஓடினார்கள். நான் உடைந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவும் ஏதோ ஒரு சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அம்மன் எனக்குக் கொடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சுபாவே கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"அம்மா! தப்பிச்சுட்டேன்ம்மா! எல்லாரும் வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாக. கோச்சுகூடத் தலையில தட்டிட்டுப் போனாக."

இவர் போன் பக்கம் குனிந்தார்.  "ஆத்தா, இனிமே அங்கன நாலாவது வந்தா போட்டுரு. அது வேற ஆட்டம். அப்பாதான் ஒனக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

"அங்கன போடுவேன்ப்பா" என்றாள். "பொங்கலுக்கு அங்க வந்தா போட மாட்டேன்."

இவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கூச்சல் குறைந்தது. சுபா எங்கேயோ தள்ளி நடந்து போவது தெரிந்தது.

"அம்மா, மஞ்ச மேட்ச்சையே அடிச்சுட்டாகளாமே."

"ஆமா. அதுனாலதானே நாம போனோம்."

"அப்ப என் மூணு கோலு?"

எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. 

"அந்த ஒரு ஆட்டம்தான்ம்மா நான் ஆடுனது. நான் போட்டதும் இல்ல, போடாம விட்டதும் இல்ல. நாங்க ஜெயிச்சதுல நான் எங்கனயுமே இல்லம்மா." அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

செல்வின் சார் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை.

"ஏண்டி, ஒங்கப்பா அன்னைக்கு ஒம் மாமனுக்குப் போடாம விட்டாகளே ஒரு கோலு, அது எந்தக் கணக்குல இருக்கு?"

மூக்கை உறிஞ்சினாள். "எதுலயும் இல்ல."

"நீ இருக்கேல்ல?"

 என் தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை போடும்போதெல்லாம் நான் சொல்லிக்காட்டிய அதே கோல்தான்.

மறுபடியும் சுபாவின் குரல் கேட்டது. "அம்மா, அந்தக் கோல்கீப்பர் புள்ள இன்னும் கிரவுண்டுலயே உக்காந்திருக்கா. மழை பெய்யுது. அவுக ஆளுக யாரும் கிட்டப் போகல."

நான் பேசுவதற்குள் இவர் போனை வாங்கிவிட்டார்.

"போ ஆத்தா. அவ மூக்கைச் சிந்தட்டும். நாங்க நிக்கிறோம்."